கையெழுத்துப் போட்ட ஆள் வரட்டும்

1.

இந்தக் கதை ஒரு மாட்டில் தொடங்கியது. மறைக்க ஒன்றுமில்லை. மட்டக்களப்பில் குருக்கள்மடத்துப் பக்கம் ஒரு கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தன் வயல் வட்டைக்குள், நெல் கதிர்விடுமுன் குடலைப் பருவத்தில் நிற்கும்போது, அயலவனின் மாடு இறங்கி மேய்ந்துவிட்டதென்று ஒரு பெண் முறைப்பாடு வைத்திருந்தாள். கோயிலை நடத்தும் வண்ணக்கர், "சொல்லு புள்ள, என்ன நடந்த?" என்று கேட்டார். அவள் மறுத்துவிட்டாள்.

"மாட்டுக்காரன் வரட்டும். அவன் இல்லாத இடத்தில கதைச்சாக் கோள் சொன்ன மாதிரிப் போயிடும்."

மாட்டுக்காரன் வந்து சேரும்வரை கூட்டம் முழுக்க வெற்றிலை மென்றுகொண்டு காத்திருந்தது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அங்கே முறை அதுதான்.

அதே கிழமை ஒரு சஞ்சிகைக்கு, ஆயுத ஏற்றுமதியைப் பாராளுமன்றங்கள் எப்படிக் கண்காணிக்கின்றன என்று கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். கட்டுரை ஒரு அடி நகரவில்லை. அந்தப் பெண்ணோ தலைக்குள் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டாள். சரி, கேதீஸ்வரி என்று பெயர் வைத்து அவளையே ஒரு வெளிநாட்டுப் பாராளுமன்றத்தின் முன்னால் உட்கார வைப்போம் என்று துணிந்தேன். (நாடு எதுவென்று தேடாதீர்கள். குழு, அதிகாரி, கப்பல் எல்லாம் நான் கட்டியவை.)

2.

முதல் தொடக்கம்: 'கேதீஸ்வரியின் கண்களில் வாவி தளும்பி…'

வேண்டாம். வாவியைக் கண்ணுக்குள் விட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம்.

இரண்டாவது: 'சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தின் கீழ் ஏற்றுமதி செய்யும் அரசுகளுக்குள்ள கடப்பாடுகளைப் பரிசீலிக்குமிடத்து…'

நீங்கள் கொட்டாவி விட்டது இங்கே கேட்டது.

மூன்றாவது, நேராக. கேதீஸ்வரி வாகரைக்காரி, கடற்றொழில் குடும்பம். சுனாமி வீட்டைக் கொண்டுபோன பிறகு அந்த வெளிநாடு தகரக் கொட்டில்கள் கட்டிக் கொடுத்தது. தகரத்தில் தன் கொடியையும் மறக்காமல் அடித்தது. இரண்டு வருடத்தில் அதே கொட்டில்கள் மேல் இராணுவத்தின் ஷெல் விழுந்தது. கேதீஸ்வரியின் மகள் கிருசிகா அதில் செத்துப்போனாள். ஷெல்லும் அந்த நாட்டில் செய்ததுதான். துண்டில் முத்திரை இருந்தது, யாரும் மறுக்கவில்லை.

இப்போது 2009 மாசி. வடக்கில் சண்டை உச்சத்தில் நிற்கிறது. அதே ஷெல்லை இலங்கை இராணுவத்துக்கு இன்னொரு கப்பலில் ஏற்ற அனுமதி கேட்டிருக்கிறார்கள். அந்த நாட்டுப் பாராளுமன்றக் குழு சம்மதிக்காமல் ஷெல் கப்பல் ஏற முடியாது. பொதுமக்கள் மேல் விழும் ஆபத்துத் தெரிந்தால் அனுமதி கொடுக்கக் கூடாது, சட்டம் அப்படி. முந்திய அனுமதியில் கையெழுத்திட்ட அதிகாரி, அங்கே மக்கள் இருந்தது எங்களுக்குத் தெரியாது என்று போன வாரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை மறுக்கக் குழுவுக்கு ஒரேயொரு சாட்சி, கேதீஸ்வரி.

3.

மட்டக்களப்பு நகரில் சட்டத்தரணி சர்மிலாவின் வீடு. மேசையில் மடிக்கணினி, யன்னல்கள் சாத்தியிருக்கின்றன. துணைக்கு வந்த வாகரைப் பெண்கள் பட்டுச் சேலையோடு பக்கத்து அறையில் இருக்கிறார்கள். சாட்சி சொல்வது இராணுவத்துக்குத் தெரிந்தால் ஆபத்து; வெளியே யாரும் விசாரித்தால் சாமத்திய வீடு, பூப்புச் சடங்கு, என்று சொல்ல ஏற்பாடு.

திரையில் குழுவின் தவிசாளர் அம்மா தோன்றி, நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். சர்மிலா தமிழில் சொன்னாள். கேதீஸ்வரி திரையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்ட மனிசன் எங்க?"

"அவர் போன கிழமையே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு அக்கா."

"அப்ப கூப்பிடச் சொல்லு. மறுகா நான் கதைக்கிறன்."

"இது கோயில் விசாரணை இல்லக்கா, பாராளுமன்றம்."

"பாராளுமன்றமெண்டா ஆளில்லாமக் குத்தம் சொல்லலாமா? அவர்ர முகத்தப் பாத்துத்தான் சொல்லுவன். நீ சொல்லு புள்ள."

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முறை பார்ப்பாளா, அழமாட்டாளா? அழுகிற பந்தியொன்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் அழுதது அவளல்ல, நான். அடித்துவிட்டேன்.)

சர்மிலா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். உறுப்பினர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து, சாட்சி பேச விரும்பாவிட்டால் விண்ணப்பத்தை நிறைவேற்றலாமே என்றார். கேதீஸ்வரி கையைக் கட்டிக்கொண்டாள். அவள் பேசாமலே எழுந்துவிட்டால் ஷெல் கப்பல் ஏறிவிடும்.

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி கேட்பது நியாயம். நாங்கள் ஏன் இதுவரை கேட்கவில்லை?" என்றார். அதிகாரியை அழைத்துவர ஆள் அனுப்பினார்.

4.

அதிகாரி வந்து அமர்ந்தார். நரைத்த, மரியாதையான மனிதர். வில்லனாக்க முயன்றேன், முகம் ஒத்துழைக்கவில்லை.

கேதீஸ்வரி கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் கிருசிகாட அம்மா. நீங்க தந்த கொட்டிலுக்குள்ளதான் என்ர புள்ள படுத்திருந்தா. விடியச் சாமம் ஷெல் வந்து விழுந்த. நான் தண்ணிக்குப் போனதால தப்பிட்டன். இனி நீங்க சொல்லுங்க."

தவிசாளர் அதிகாரியிடம் திரும்பினார். "போன வாரம் எங்களிடம் சொன்னதை, தயவுசெய்து இவரிடம் சொல்லுங்கள்."

"எங்களுக்கு அங்கே மக்கள் இருப்பது…"

வாக்கியம் அங்கே நின்றுவிட்டது. நான் முடிக்கப் பார்த்தேன். 'தெரியாது' என்று எழுதினேன், அவர் சொல்ல மறுத்தார். கேதீஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபம்கூட இல்லை, பதிலுக்காகக் காத்திருக்கும் பார்வை. அவர் தண்ணீர் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தெரியும். கொட்டில்களை நாங்களே கட்டினோம். தெரிந்துதான் கையெழுத்திட்டேன்."

தவிசாளர் வாக்குக் கேட்டார். கைகள் எழுந்தன. மணிக்கூடு பார்த்தவரின் கையும் எழுந்தது. அனுமதி மறுக்கப்பட்டது.

5.

"வெண்டிட்டம் அக்கா!" என்று சர்மிலா கத்தியதுதான் தாமதம், பக்கத்து அறையில் துணைக்கு இருந்தவர்களில் அன்னப்பூரணி குரவை போட்டாள். அடுத்தவள் எடுத்தாள், பிறகு எல்லோரும். கல்யாண வீட்டிலும் கோயிலிலும் போடுகிற அந்தக் குரவை கடல் தாண்டிப் போய் அந்தப் பாராளுமன்றச் சுவரில் மோதியது.*

கேதீஸ்வரி சிரித்தாள். அழவும் செய்தாள், இம்முறை நான் எழுதாமலே.

"என்ர புள்ள வரப்போறதில்ல. ஆனா இந்தக் கப்பல் ஷெல்லு இன்னொருத்திர புள்ளைக்கு மேல விழாது. அத நான்தான் மறிச்சன்."

* நடவடிக்கைக் குறிப்பில் இதை எப்படிப் பதிந்திருப்பார்கள்? 'ஒலிக் கோளாறு' என்றுதான் இருக்கும்.

6.

இங்கே ஒரு 'ஆனாலும்' எழுதக் கை துடிக்கிறது. 'ஆனாலும் அந்த வைகாசியில்…' என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். சண்டை முடிந்த அந்த வைகாசியில் வடக்கில் நடந்தது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைச் சேர்த்தால் கதைக்குக் கனம் வரும், விமர்சகர் மகிழ்வார். சேர்க்க மாட்டேன். அவள் வென்றது வென்றதுதான். அந்தச் சந்தோசத்தில் கைவைக்க எனக்கு உரிமையில்லை.

வேறு நாடுகளின் கப்பல்கள்? அதை நான் எழுத முடியாது. இதை வாசிப்பவர்களில் பலர் அந்த நாடுகளில்தான் இருக்கிறீர்கள். வரி கட்டுகிறீர்கள், வாக்குப் போடுகிறீர்கள். இப்படியொரு குழு அங்கேயும் கூடும், பார்வையாளர் கலரியில் கதிரைகள் காலியாகக் கிடக்கும். கேதீஸ்வரி விசா கேட்டால் கிடைக்காது. உங்களுக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்.