கடவுளே கேட்டாலும்

ஜெனிஸ் வீட்டில் சுவிட்சைக் கையால் தட்டுகிறவர்கள் விருந்தாளிகள் மட்டும்தான். விளக்கு, ஃபேன், மோட்டார் எல்லாம் வாயால் சொன்னால் கேட்கும். வரவேற்பறை மேசையில் இருக்கும் அந்தக் குட்டி ஸ்பீக்கர், ஜெனிஸ் சொன்னால் கொஞ்சம் யோசிக்கும். அவன் மனைவி ரீனா அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் போட்டால் மறுபேச்சு கிடையாது. "ஒங்களவிட அதுக்குப் புத்தி கூட" என்பாள் ரீனா.

ஜெனிஸுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன்களின் மின்சாரத்தைக் கவனிக்கிற வேலை. அதற்கு முன்னால் கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசராக ஊர் ஊராகச் சுற்றியவன். ஆனால் ஊருக்கு அவனைத் தெரிவது 'கரையோர டெக்' யூடியூப் சேனலால்தான். புதுப் போன் எது வந்தாலும் பிரித்துக் காட்டுவான். எந்தச் செயலியை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பான். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் விரலை நீட்டி, "கடவுளே நேர்ல வந்து கேட்டாலும் ஓடிபி குடுக்காதீய!" என்று ஒரு போடு போடுவான். சின்னப் பிள்ளைகள்கூட அவனைத் தெருவில் கண்டால் அதைச் சொல்லித்தான் சிரிக்கும்.

போன வருசம் ரீனாவின் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றார்கள். அப்புறம் சளி இல்லை என்றார்கள். மதுரைக்குப் போவதற்குள் அது வெறும் காற்றாகிவிட்டது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னபோது, எடுங்கள் என்று முதலில் தலையாட்டியவள் ரீனாதான். ஜெனிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாதா கோவிலில் ரீனா வாசகம் வாசித்தால் மைக் தேவைப்படாது. மீன்காரியிடம் அவள் பேரம் பேசினால் தெருவே பால்கனிக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவள் இப்போது கழுத்துத் துளையை ஸ்கார்ஃபால் மூடிக்கொண்டு, ஆளைக் கூப்பிடக் கை தட்டுகிறாள். ஸ்பீக்கர் கைதட்டலைக் கண்டுகொள்வதில்லை. அந்த வீட்டின் அமைதியை ஜெனிஸால் தாங்க முடியவில்லை.

சும்மா இருப்பானா? எழுதினால் வாசித்துக் காட்டும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். அதில் வந்தது ஒரு பெண் குரல், சுத்தத் தமிழ். "தயவுசெய்து சாப்பிட வாருங்கள்" என்றது. ரீனா போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, சிலேட்டை எடுத்து அழுத்தி எழுதினாள்: 'இது பேங்க்காரி குரல். இதுக்கு ஊமையாவே இருந்துக்கிடுதேன்.'

ஜெனிஸ் விடுகிற ஆளில்லை. தேடித் தேடி ஒரு வெளிநாட்டுச் சேவையைப் பிடித்தான். பேச்சை இழந்தவர்களின் பழைய ஒலிப்பதிவைக் கொடுத்தால், அதே குரலைச் செய்து போனில் வைத்துத் தருவார்களாம். அரைமணி நேரப் பேச்சு வேண்டும். பின்னால் இரைச்சல் இருக்கக்கூடாது.

அங்கேதான் இடித்தது. கல்யாண வீடியோவில் ரீனா பேசிய இடமெல்லாம் பேண்டு வாத்தியம். பழைய போன்களில் தேடலாம் என்றால் பழைய போன் ஏது? புது மாடல் வந்துவிட்டால் போதும், பழையது அவன் கையில் ஒட்டாது. எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. ரீனா போனுக்கும் அதே கதிதான். "பழைய குப்பை எதுக்கு? ஃபிரெஷ்ஷா ஆரம்பி" என்று ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தவன் அவனேதான். இப்போது தலையில் அடித்துக்கொண்டு என்ன செய்ய?

குளித்துக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. கப்பலில் இருந்த காலத்தில், துறைமுகம் தொடும்போதுதான் இன்டர்நெட் கிடைக்கும். அப்போது ரீனா அனுப்பியிருந்த குரல் செய்திகளை எல்லாம் ஓர் ஆன்லைன் கணக்கில் சேர்த்து வைப்பான். நடுக்கடலில் கேட்க வேண்டும் என்று போனிலும் இறக்கிக்கொள்வான். அந்தக் கணக்கு என்ன ஆனது?

ஈரத்தலையோடு மெயிலைத் தேடினான். கணக்கு இருந்தது. கூடவே, அவன் பார்க்காமல் விட்ட எச்சரிக்கை ஒன்றும் இருந்தது: பல காலமாகத் திறக்கப்படாத கணக்கு, இந்த மாத முடிவில் அழிக்கப்படும். பாஸ்வேர்டு நினைவிருந்தது. போட்டான். 'புதிய கருவியிலிருந்து வருகிறீர்கள். உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்' என்றது.

உங்கள் எண் என்றால் கப்பல் காலத்து எண். கரைக்கு வந்ததும் ரீசார்ஜ் செய்யாமல் கைவிட்ட சிம். கம்பெனி அதை எப்போதோ வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. 'பழைய நம்பரை உடனே மாத்துங்க' என்று ஒரு வீடியோவே போட்டவன் ஜெனிஸ். நல்ல வியூஸ் வந்த வீடியோ.

அந்தக் கணக்குக் கம்பெனியிடம் உதவி கேட்கலாம் என்றால் அங்கே பேச மனிதர்களே இல்லை, எல்லாம் தானியங்கிப் பதில். வேறு வழியில்லாமல் தன் பழைய எண்ணுக்குத் தானே போன் போட்டான்.

"ஆரு?" என்றது கனத்த பெண் குரல்.

"வணக்கம்மா. இந்த நம்பர் முன்னால என்கிட்ட இருந்தது. இப்ப ஒங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும்..."

"வைலே போனை!"

அவன் எண் பிளாக் ஆனது. ரீனாவின் எண்ணிலிருந்து மறுபடியும் போட்டான். "அக்கா, நான் களவாணி இல்ல. 'கரையோர டெக்' ஜெனிஸ் பேசுதேன்."

"அவரு பேரைச் சொல்லியே ஏமாத்த வாரியா? குரலையும் மூஞ்சியையும் அச்சு அசலா செஞ்சு பேசுவானுவ, ஏமாந்துராதீயன்னு அவருதான்ல சொல்லிருக்காரு!"

அந்த எண்ணும் பிளாக் ஆனது. தன் பாடத்தை இவ்வளவு நன்றாகப் படித்த ஒரு ஆளை ஜெனிஸ் அதுவரை சந்தித்ததில்லை. பெருமைப்படவும் முடியவில்லை.

சிம் கடை வைத்திருக்கும் நண்பன் பேச்சிராஜா விசயத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்தான். "ஏலே, இதுக்கா மண்டைய ஒடைக்க? நான் பேசுதேன். கம்பெனில இருந்து பேசுதோம், ஒங்க சிம்மு இன்னைக்குக் கட்டாயிரும், வந்த நம்பரைச் சொல்லுங்கன்னு ஒரு போடு போட்டா, பயந்து சொல்லிட்டுப் போவுது."

வேண்டாம் என்று சொல்ல ஜெனிஸுக்கு வாய் வரவில்லை. மாத முடிவு கண்முன் நின்றது. அப்போது பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. ரீனா சிலேட்டை இருவர் முகத்துக்கும் நேராக நீட்டினாள்: 'திருடிக் கொண்டாந்த குரல் எனக்கு வேண்டாம்.'

பேச்சிராஜா காபியைக்கூட முடிக்காமல் கிளம்பினான். ஜெனிஸுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் போனதும் வீம்பு வந்தது. நேராகவே கேட்போம். எங்கே இருக்கிறாள் அந்த மகராசி?

வாட்ஸப்பில் அந்த எண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிளாஸ்டிக் குடங்கள் தொங்கும் ஒரு கடை. மேலே பலகை: வடிவு ஸ்டோர்ஸ், கயத்தாறு. இப்படி ஊர் பேர் தெரிகிற படத்தை வைக்காதீர்கள் என்றும் அவன் ஒரு வீடியோ போட்டிருக்கிறான். நல்லவேளை, அதை அந்தம்மா பார்க்கவில்லை. மறுநாள் காலை பைக்கை எடுத்தான். ரீனா ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூப்பிடாமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்தவள்தான் சண்முகவடிவு. கடைக்குச் சொந்தக்காரி. நெற்றியில் விபூதி, அதற்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. பருப்பு நிறுக்கச் சொல்லி ஆட்கள் நின்றார்கள்.

"அக்கா, நான்தான் போன் பண்ணுனது" என்றான் ஜெனிஸ்.

"போன்ல குடுக்கலன்னு நேர்லயே வந்துட்டியா? ஒனக்கு நெஞ்சழுத்தம் கூடத்தான்!"

நின்றவர்கள் பருப்பை மறந்து திரும்பினார்கள். ஜெனிஸ் தன் சேனலைத் திறந்து போனை நீட்டினான். சண்முகவடிவு கண்ணாடியை இறக்கிப் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"இவரு செவப்பு. நீ கருப்பு."

"அது லைட்டு அக்கா. மூஞ்சிக்கு நேரா வட்டமா ஒரு லைட்டு வச்சிருப்பேன்."

"அப்ப ஊரையே ஏமாத்திருக்க."

கடை முழுக்கச் சிரித்தது. ஜெனிஸ் ஒரு முடிவுக்கு வந்தவனாக விரலை நீட்டி, தொண்டையைச் செருமி, வீடியோவில் சொல்கிற அதே ராகத்தில் உரக்கச் சொன்னான்: "கடவுளே நேர்ல வந்து கேட்டாலும் ஓடிபி குடுக்காதீய!"

"அட, அவருதான்!" என்றார் பருப்பு வாங்க வந்த ஒருவர்.

சண்முகவடிவு முகம் மாறியது. "சரிதான். நீருதான் அவரு, ஒத்துக்கிடுதேன். ஒம்ம பேச்சக் கேட்டுத்தான் நான் ஒருத்தன்கிட்டயும் ஏமாறாம இருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லும். கடவுளே கேட்டாலும் குடுக்காதேன்னு சொன்னது நீரு. நீரு என்ன கடவுளுக்கு மேலயா?"

இவன் அந்த ஜெனிஸ் இல்லை என்று அவள் நினைத்தவரை வாதாட இடமிருந்தது. இப்போது அதுவும் போனது. ஜெனிஸ் விசயத்தைச் சொன்னான். ஆபரேஷன், அந்தக் கணக்கு, மாத முடிவு, எல்லாம் சொன்னான். சண்முகவடிவு ரீனாவின் ஸ்கார்ஃபைப் பார்த்தாள். இரக்கம் வந்தது தெரிந்தது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினாள். "இப்படி அழுவாச்சிக் கதை சொல்லுவானுவன்னும் நீருதான் சொல்லிருக்கீரு."

ரீனா கை தட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள். வீட்டில் எறிந்துவிட்ட அந்தச் செயலியைத் தானே திறந்து, எழுதி, போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"எனக்கு எனது குரல் வேண்டும்" என்றது பேங்க்காரி குரல். "தயவுசெய்து உதவுங்கள்."

சண்முகவடிவு தேள் கொட்டியதுபோல எழுந்தாள். "ஏளா, இதுவா இப்ப ஒன் குரலு? இந்தச் சனியன்தான தெனமும் போன் போட்டு லோன் வேணுமான்னு என் உசுர வாங்குது! இந்தக் குரலை வச்சுக்கிட்டு ஒரு பொம்பள எப்படிப் புருசனத் திட்டுவா?"

ரீனா 'அதானே' என்பதுபோலக் கையை விரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆபரேஷனுக்குக்கூட அழாதவள்.

சண்முகவடிவு கையை நீட்டினாள். "ஒம்ம போனை இங்கன குடும். ஓடிபி சொல்ல மாட்டேன். சொல்லாதேன்னா சொல்லக்கூடாது. நானே போடுதேன். நீரு அங்கன தள்ளிப் போயி அந்தப் பக்கம் திரும்பி நில்லும்."

ஜெனிஸ் பாஸ்வேர்டைப் போட்டுப் போனைக் கொடுத்துவிட்டு, குடங்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஓடிபி வந்தது. கண்ணாடியைக் காணோம் என்று கல்லா முழுக்கத் தேடி, அது நெற்றியில்தான் இருக்கிறது என்று ரீனா தொட்டுக் காட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. திரும்பவும் அனுப்பச் சொன்னார்கள். இந்தத் தடவை சண்முகவடிவு தன் போனை முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் குத்தினாள்.

கணக்கு திறந்தது. ரீனா முதலில் இருந்த குரல் செய்தியைத் தொட்டாள்.

"ஏங்க! நீங்க மாட்டிட்டுப் போன அந்தக் கேமரா பூனை வந்தாலும் கத்துது, காத்தடிச்சாலும் கத்துது. நான் என்ன மனுசியா, ஒங்க மிஷினுக்கு வேலைக்காரியா? ஊரு வந்து சேருங்க, இருக்கு ஒங்களுக்கு!"

கயத்தாற்றுக் கடையில் அந்தக் குரல் கணீரென்று எழுந்தது. ஜெனிஸ் குடங்களைப் பார்த்தபடியே அழுதான். திரும்பச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"சாமி, என்ன குரலு!" என்றாள் சண்முகவடிவு. உடனே விறைப்பானாள். "மொதல்ல என் நம்பரை அதுல இருந்து எடும். அப்புறம், ஏளா, ஒன் நம்பரு பிளாக்கை எடுத்துடுதேன், ஒன் குரல் வந்ததும் எனக்கொரு போன் போடணும். அந்தச் சனியன் குரல்ல போட்டா எடுக்க மாட்டேன்."

குரல் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ரீனா கட்டிலில் உட்கார்ந்து எழுதினாள். ஜெனிஸ் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றான்.

"ஏங்க, ஃபேனை அமத்துங்க. குளிருது."

அவன் அசையவில்லை. ஆனால் வரவேற்பறை மேசையிலிருந்த ஸ்பீக்கர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஃபேன் நின்றது. ரீனா அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் எழுதினாள். "அதுக்கு இருக்கிற புத்தி ஒங்களுக்கு இல்ல." ஜெனிஸ் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

குறை ஒன்று இருந்தது. ரீனா கப்பலுக்கு அனுப்பியதில் முக்கால்வாசி திட்டு. அதில் தயாரான குரலுக்குச் சாந்தமாகப் பேச வரவில்லை. 'நீங்க இல்லன்னா நான் இல்ல' என்று அவள் எழுதினால்கூட, அது மீன்காரியிடம் சண்டைக்குப் போவதுபோல வந்தது. ஜெனிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டான்.

சாயங்காலம் கயத்தாற்றுக்குப் போன் போட்டார்கள்.

"ஆரு?"

"நான்தான் ரீனா, தூத்துக்குடி. ரொம்ப நன்றிக்கா."

"என்னளா, நன்றியச் சண்டை மாதிரி சொல்லுத?" என்று சிரித்த சண்முகவடிவு, சட்டென்று சந்தேகப்பட்டாள். "இரு, இரு. இப்பப் பேசுதது நீயா, மிஷினா?"

ரீனா எழுதினாள். அந்தப் பக்கம் காத்திருந்தது.

"குரலு மிஷினு. திட்டுதது நான்."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரீனா இன்னொன்றும் எழுதினாள். "இனிமே இவரு வந்து கேட்டாலும் ஓடிபி குடுக்காதீய."

"அன்னைக்கு மட்டும் குடுத்தேனாக்கும்?" என்றாள் சண்முகவடிவு.