எல்லாரும் சாப்பிட்டாச்சு

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டாச்சும்மா."

காலையிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு லேப் பெண்ணுக்கு வாய் வலித்துவிட்டது. பதில் மட்டும் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. தச்சர் சொன்னார், தையல்காரி சொன்னாள், பள்ளிக்கூட வாட்ச்மேன் சொன்னார். மற்ற ரத்ததான முகாம்களில் வெறும் வயிற்றோடு வந்து திட்டு வாங்குகிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். இங்கே ஒருத்தரும் இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

தெருமுனை வழிபாட்டு மன்றம் நடத்திய முகாம் அது. அக்கம்பக்கத்துக்கு உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று முதல் தடவையாக இதில் இறங்கியிருந்தார்கள். வழிபாட்டுக் கூடத்து நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு மடக்குக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். மன்றத் தலைவருக்கு எல்லாரும் வைத்த பெயர் 'மைக்'. பக்கத்தில் நிற்பவரிடம் தண்ணீர் கேட்பதற்கும் அவருக்கு மைக் வேண்டும்.

"அன்பர்களே, தள்ளாமல் வரவும்! தள்ளாமல்!" என்றார் மைக். யாரும் தள்ளவில்லை.

"இவ்வளவு ஒழுங்கா எந்தக் கூட்டத்தையாவது பார்த்திருக்கியா?" என்று கூட வந்திருந்த நர்சம்மா லேப் பெண்ணின் காதில் முணுமுணுத்தாள். "காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளுங்களோ என்னமோ."

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். அப்படின்னு தெரிஞ்சா இன்னிக்கு எடுத்த பை அத்தனையும் குப்பைக்கு. காசுக்கு வர்றவன் நோயையும் மறைப்பான், எல்லாத்தையும் மறைப்பான். உங்கக்காவுக்காகச் சொல்றேன்."

லேப் பெண் அடுத்த ஊசியைப் பிரித்தாள். அவளுடைய அக்கா இவர்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் படுத்திருந்தாள். நாளை மறுநாள் ஆபரேஷன். அக்காவின் ரத்தம் பி நெகட்டிவ். ரத்த வங்கியில் அந்த வகையில் இருந்தது ஒரே ஒரு பை. இரண்டாவது கிடைக்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அத்தானும் தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் கேட்டுப் பார்த்துக் களைத்துவிட்டார். ஆகவே வருகிற ஒவ்வொரு விரலையும் அவள் ஆசையோடும் பிடித்தாள், சந்தேகத்தோடும் பிடித்தாள்.

அடுத்த விரல் ஒரு டாக்ஸி டிரைவருடையது. ஆள் கதவு உயரம். கை மட்டும் சில்லென்று இருந்தது. குத்தி எடுத்த ரத்தத்தை மூன்று சொட்டாகத் தகட்டில் வைத்து மருந்தோடு கலக்கினாள். நடுச்சொட்டு மட்டும் திரிந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. தகட்டைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தாள். பி நெகட்டிவ்தான்.

குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டாச்சு தங்கச்சி."

"என்ன சாப்பிட்டீங்க?"

டிரைவர் திரும்பி மைக்கைப் பார்த்தார். மைக் கூரையைப் பார்த்தார்.

"வீட்டுல செஞ்சதுதான்."

"என்ன செஞ்சாங்க?"

"எல்லாந்தான்."

அவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனாள். மன்றத்துச் சமையலறையில் அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. மூலையில் ஒரு அட்டைப்பெட்டி. ரத்தம் கொடுத்தவர்களுக்கு அவள் கையாலேயே கொடுத்த ஜூஸ் டப்பாக்களும் பிஸ்கட் பாக்கெட்டுகளும் பிரிக்காமல் அதில் அடுக்கியிருந்தன. ஒன்றில்கூட ஸ்ட்ரா குத்தவில்லை.

'கொடுத்ததை வாங்கி வெளியே விற்கிறார்களா?' அவளுக்கு முகம் சூடேறியது. நர்சம்மா சொன்னது சரிதான் போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் ஏதோ தடாலென்றது. ஓடினாள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தையல்காரி சரிந்து கிடந்தாள். நர்சம்மா அவள் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தாள்.

"ஜூஸ் குடுங்க, சீக்கிரம்!"

"வேண்டாம்... முகாம் முடியட்டும்..." என்றாள் தையல்காரி, கண்ணைத் திறக்காமலே.

"முகாமுக்கும் ஜூஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவள் புருஷன் கையைப் பிசைந்தான். "நேத்து ராத்திரியிலேர்ந்து விரதம், மேடம். நாங்க எல்லாருமே. முதல் முகாம், நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கிட்டோம். வெளியே சொன்னா பலன் போயிடும். அதான்..."

கூடத்தில் ஒருத்தரும் நிமிரவில்லை. மைக் முதல் தடவையாக மைக்கைக் கீழே வைத்தார்.

"நல்லா வேண்டினீங்க போங்க!" என்று நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

தையல்காரிக்குக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாய் புகட்டினார்கள். லேப் பெண் டிரைவரின் கட்டிலுக்குத் திரும்பினாள். அவர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

"நான் கல்லு மாதிரி. நீங்க எடுங்க தங்கச்சி."

நர்சம்மா அவள் முழங்கையை இடித்தாள். "ஆள் வாட்டசாட்டமா இருக்கான். உங்கக்காவை நினைச்சுக்கோ. நான் எதையும் பார்க்கலை."

வெறும் வயிற்றால் ரத்தத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆளுக்குத்தான் ஆகும். அவள் படித்த பாடம் அது. அந்த நேரம் அது தெரியாமலிருந்தால் தேவலை என்று தோன்றியது. ரப்பர் பட்டையை அவர் கையில் கட்டினாள். நரம்பு எடுப்பாகப் புடைத்தது. சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டில் உரசின.

பட்டையை அவிழ்த்தாள்.

"சாப்பிட்டுட்டு வாங்க."

"முகாம் முடியாம முடியாதும்மா."

அவள் யாரிடமும் உரக்கப் பேசியவள் இல்லை. நேரே மைக்கிடம் போனாள். "அப்படின்னா முகாமை முடிச்சிடுங்க."

"ஐயோ, இன்னும் பாதிப் பேர் பாக்கிம்மா!"

"முடிங்க. எல்லாரும் சாப்பிடுங்க. மத்தியானம் இன்னொரு முகாம் ஆரம்பிச்சுக்கலாம். அதுக்கு யாரும் வேண்டிக்கலையே?"

மைக் யோசித்தார். பிறகு மைக்கை எடுத்தார். "அன்பர்களே, முகாம் இனிதே நிறைவுற்றது. வீட்டுக்குப் போய்... சாப்பிட்டுட்டு வாங்கப்பா!"

கூடம் காலியானது. டிரைவரின் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"கையில வந்ததை விட்டுட்டியே. சவாரி கிடைச்சா திரும்பி வருவானா?" என்றாள் நர்சம்மா.

அவளுக்கும் அதே நினைப்புத்தான். மத்தியானம் தச்சரின் மகன் வந்தான், வாட்ச்மேனின் தம்பி வந்தான். இந்தத் தடவை ஒவ்வொருத்தரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று குடைந்து கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். வாசலில் எந்த வண்டி நின்றாலும் கழுத்து தானாகத் திரும்பியது. பால் வண்டி வந்தது. யாரோ தண்ணீர் கேன் இறக்கினார்கள். அக்காவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டாள்.

நிழல் ஒன்று மேஜைமேல் விழுந்தது. டிரைவர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் தங்கச்சி."

"என்ன சாப்பிட்டீங்க?"

"நாலு ரொட்டி, ரெண்டு முட்டை. ஒண்ணுல உப்பே இல்லை. ஒரு வாழைப்பழம்... இல்லை, பாதி. மீதியைப் பொண்டாட்டி பிடுங்கிட்டா. வர்ற வழியில ஒரு டீ. அதுல சர்க்கரை தூக்கல்."

மீசையில் ரொட்டித் துகள் ஒட்டியிருந்தது. இருந்தாலும் அவர் விரலைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"படுங்கண்ணா" என்றாள்.