வியாழக்கிழமைக்கான தோட்டா

தோட்டாப் பெட்டியின் விலைச்சீட்டைப் பார்க்க டெல்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பார்த்துவிட்டுக் கழற்றினார்.

"தம்பி, இதுல ஒரு சைபர் கூட விழுந்துருக்கு."

கடை மேசைக்குப் பின்னால் இருந்தவன் சிரிக்கவில்லை. "விலை அதுதான் பெரியவரே."

"போன வருஷம் இந்தக் காசுக்கு ஒரு செங்கல்லே வாங்கி, மதியச் சாப்பாடும் சாப்பிட்டுருப்பேன்."

"அப்ப போன வருஷத்துக்கே போய் வாங்கிக்குங்க. பின்னாடி ஆள் நிக்குது."

செங்கல் என்றால் ஐந்நூறு தோட்டா அடங்கிய பெட்டி. ஒஹாயோவின் தென்கோடியில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். டெல்மர் கேட்டது ஐம்பது தோட்டா உள்ள சின்னப் பெட்டி. இருபத்திரண்டு. குழலின் அளவை வைத்து வந்த பெயர்; அணில் வேட்டைக்கும் தகரக் குவளைக்கும் குறிவைக்கும் சின்னத் தோட்டா. பெரிய தோட்டாக்கள் என்றால், சுட்ட கூட்டில் வீட்டிலேயே மருந்தைத் திரும்ப அடைத்துக்கொள்ளலாம். இதற்கு அந்த வழி இல்லை. சுட்டால் தீர்ந்தது.

நண்பர் ஆர்லன் பக்கத்தில் நின்றார்.

டெல்மர் பர்ஸைத் திறந்தார். "வியாழக்கிழமைக்கு ஆளுக்குக் கொஞ்சம் வருமில்ல?" என்றார் ஆர்லனிடம்.

"வரும்."

அந்த வியாழக்கிழமை துப்பாக்கி கிளப்பில் ஐந்து பேர் சுட்டார்கள். டெல்மர் தோட்டாக்களை மேசையில் கொட்டிச் சமமாகப் பிரித்தார். ஆர்லன் தன் பங்கை எடுத்துக்கொண்டார். நன்றாகச் சுட்டார். பிறகு அடுப்பருகே உட்கார்ந்து, விரலில் ஒட்டிய ஈயக் கறுப்பை லைலின் துணியில் துடைத்தார்கள். தோட்டாவின் மெழுகோடு சேர்ந்து ஒட்டும் கறுப்பு. சோப்புக்கு லேசில் போகாது.

லைல்தான் கிளப் கூடத்தின் சாவியை வைத்திருப்பவர்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்," என்றார். "அப்பவும் தோட்டா இல்லன்னா பூட்டிடறேன். உங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு விறகு எரிக்க முடியாதுப்பா."

"உன் மூஞ்சியப் பாக்க நாங்க வரலியா? அதுக்கு யாரு காசு தர்றது?" என்றார் டெல்மர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்லனும் சிரித்தார். வீட்டுக்கு வண்டியை ஓட்டும்போதுதான் அந்த வாரத்தில் தான் சிரித்தது அது ஒருமுறைதான் என்று தோன்றியது.

மனைவி ஜூன் உயிரோடு இருந்தபோது ஆர்லன் வீட்டு நிலவறையில் ஊறுகாய்ப் புட்டிகள் இருந்தன. இப்போது அதே அலமாரிகளில் செங்கற்கள் இருந்தன. தட்டுக்குத் தட்டு, கூரை வரை. முதலில் விலை மலிவு என்று வாங்கினார். பிறகு, கிடைக்காமல் போய்விடும் என்று வாங்கினார். பிறகு உண்மையிலேயே கிடைக்காமல் போயிற்று. அப்போதும் சரக்கு லாரி வரும் நாளில் கடை திறக்கும் முன்பே குளிரில் போய் வரிசையில் நின்றார். ஆளுக்கு ஒன்றுதான் என்றார்கள். தொப்பியை மாற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்.

ஒன்றைக்கூட விற்றதில்லை. சுட்டதும் இல்லை. அலமாரியில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தாலும் அவருக்குத் தாங்காது.

இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால் டெல்மர் அந்த மேசை முன்னால் பர்ஸைத் திறந்ததை நினைப்பார். பக்கத்தில் யார் நின்றது என்பதையும்.

ஞாயிறு காலை டெல்மர் தேவாலயத்துக்குப் போயிருந்தார். ஆர்லன் போகவில்லை. இரண்டு செங்கற்களை எடுத்தார். மூடிப்போன கடையின் பழைய விலைச்சீட்டு அவற்றில் இருந்தது. அந்த மலிவு விலையைப் பார்த்தால், எப்போதோ வாங்கிப் பதுக்கியது என்றும் யார் வைத்தது என்றும் தெரிந்துவிடும். நகத்தால் சுரண்டி எடுத்தார். காகிதப் பையில் போட்டு, ஓடையைத் தாண்டிப் போய், டெல்மரின் வாசல் கதவோரம் வைத்துவிட்டு வந்தார்.

டெல்மர் அதைக் கிளப்புக்குக் கொண்டுவருவார். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

மாதக் கடைசி வியாழன். அடுப்பு எரிந்தது. மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். டெல்மர் துப்பாக்கியை மட்டும் கொண்டுவந்தார்.

"யார்கிட்டயாவது தோட்டா இருக்கா?" என்றார் லைல்.

"ம்ஹூம்," என்றார் டெல்மர். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமேவா?" என்றார் ஆர்லன்.

"நீ என்ன, மூட்டை கட்டிக்கிட்டா வந்துருக்க?"

ஆர்லன் வாயைத் திறந்தார். லைல் அவரைப் பார்த்தார். டெல்மரும் பார்த்தார்.

"எங்கிட்ட ஏது," என்றார் ஆர்லன்.

காபியைக் குடித்து முடித்தார்கள். லைல் அடுப்பில் தண்ணீர் தெளித்தார். கதவைப் பூட்டினார். வெளியே நின்று மூவரும் சிறிது நேரம் மழை வருமா என்று பேசினார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ஆர்லன் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டார். ஒரே தட்டு. கழுவி வைத்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. கிளப்புக்குக் கிளம்பும் நேரம். பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார்.

ஓடைக்கு அப்பால் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். சிறிது இடைவெளி. மறுபடி.

இருபத்திரண்டு.

அந்த ரகத் தோட்டாவின் சத்தம்தான், டெல்மரின் களஞ்சியத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. மூச்சை இழுத்து, பாதி விட்டு, பிறகு விசையை அழுத்துவது அவர் பழக்கம். அந்த இடைவெளி ஆர்லனுக்குத் தெரியும். எத்தனையோ வியாழக்கிழமைகளில் பக்கத்தில் நின்று கேட்டது.

நிலவறைக்குப் போனார். ஒரு செங்கல்லைப் பிரித்தார். ஒவ்வொரு தோட்டாவாகத் துப்பாக்கியில் அடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மண்மேட்டின் முன்னால் ஒரு தகரக் குவளையை வைத்தார். ஓடைக்கு அப்பால் அடுத்த வெடி வரக் காத்திருந்தார். வந்தது. பிறகு தானும் சுட்டார்.

குவளை விழுந்தது.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

காத்திருந்தார். இன்னொரு முறை சுட்டார். பதில் இல்லை. குவளை கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை நின்றார். பிறகு மிச்சத் தோட்டாக்களை வெளியே எடுத்து, பெட்டியில் அதனதன் குழியில் வைத்தார்.

காலையில் உணவகத்தில் டெல்மர் வழக்கமான மேசையில் இருந்தார். ஆர்லன் எதிரே உட்கார்ந்தார். பரிமாறும் ட்ரூடி வந்தாள்.

"காபி ஊத்தட்டுமா கண்ணு? என்ன ரெண்டு பேரும் சாவு வீட்லேருந்து வந்த மாதிரி இருக்கீங்க?"

"இவன் மூஞ்சியே அப்படித்தான்," என்றார் டெல்மர்.

ட்ரூடி ஊற்றிவிட்டுப் போனாள். இருவரும் குடித்தார்கள்.

"நேத்து உங்க பக்கம் ஏதோ சத்தம் கேட்டுச்சு," என்றார் டெல்மர்.

"உங்க பக்கமும் கேட்டுச்சு."

"பசங்களா இருக்கும்."

"இருக்கும்."

டெல்மர் சர்க்கரையை எடுக்கக் கையை நீட்டினார். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் சோப்புக்குப் போகாத ஈயக் கறுப்பு. ஆர்லன் அதைப் பார்த்தார். தான் பார்த்ததை டெல்மர் பார்த்துவிட்டார் என்பதும் தெரிந்தது. டெல்மரின் கண்கள் மேசைமேல் கோப்பையைப் பிடித்திருந்த ஆர்லனின் விரல்களுக்கு வந்தன. அங்கேயே நின்றன.

ஆர்லன் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

"மழை வரும்போல," என்றார் டெல்மர்.