ஸ்ட்ரெய்ட்டா போங்க

"ஸ்ட்ரெய்ட்டா போங்க" என்று சொல்லிவிட்டுப் பொன்னாயி கையையும் நீட்டிக் காட்டினாள். அருவி ரோடு எது என்று காரிலிருந்து கேட்டவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்தப் பலாமரத்து முக்கில் இடப்பக்கம் பிரிகிற ரோடுதான் அருவிக்குப் போவது. நேரே போகிற ரோடு கொஞ்ச தூரம் நல்ல பிள்ளையாகப் போய், ஓர் ஓடைக்கரையில் தார் தீர்ந்து நின்றுவிடும். அதற்கப்பால் குச்சிக்கிழங்குக் காடுதான். முக்கை ஒட்டி, நேர் ரோட்டின் ஓரத்திலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிற பொன்னாயிக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தேதான் சொன்னாள். போனவர்கள் திரும்பி வரட்டும் என்றுதான் சொன்னாள்.

ஸ்ட்ரெய்ட் என்ற சொல்லை அவளுக்குக் கொண்டுவந்தவன் புருசன் சின்னுசாமி. சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் வாழையும் லாரிக்கு ஏற்றுகிற வேலை அவனுக்கு. மலையில் எந்த ரோடும் நேராக இருப்பதில்லை, பாம்பு மாதிரி நெளிந்துதான் கிடக்கிறது. பிரிகிற கிளை எதிலும் திரும்பாமல் போவதற்குப் பேர்தான் இங்கே ஸ்ட்ரெய்ட் என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தான். கண்டக்டர் வாயில் வந்தால் அதற்கு வேறு அர்த்தம். வழியில் எங்கேயும் நிற்காது, ஸ்ட்ரெய்ட்டா நாமக்கல்தான், குறுக்கே இறங்குகிறவர்கள் ஏறாதீர்கள் என்று அர்த்தம். கீழே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அதே சொல்லை மெதுவாக, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அலைய வேண்டாம்மா, ஸ்ட்ரெய்ட்டா ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க." அதன் அர்த்தம் வண்டி மலையேறி முடிக்கிற வரைக்கும் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது சின்னுசாமி அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் போய் மூன்று வருசமாகிறது. பிள்ளைகுட்டி இல்லை. மிளகுக் கொடியோடும் கோழியோடும் எவ்வளவு நேரம்தான் பேசுவது?

முதல் தடவை நடந்தது நிசமாகவே தவறுதான். ஏதோ நினைப்பில் ஸ்ட்ரெய்ட் என்று சொல்லிவிட்டாள். போன வண்டி கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. சண்டைக்கு வருகிறார்கள் என்று பயந்தால், உள்ளே இருந்த குழந்தை தண்ணீர் கேட்டது. தண்ணீர் கொடுத்தாள். அடுப்பில் வெந்திருந்த கிழங்கைக் கொடுத்தாள். அந்தக் குடும்பம் பலாமரத்தடியில் உட்கார்ந்து, எத்தனை மரம் மிளகு, ராத்திரியில் பயமாக இருக்காதா, தனியாகவா இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டது. போகும்போது அந்தப் பெண் "வாரோம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பொன்னாயி ஒரு வாரம் ஓட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாய் தானாகவே ஸ்ட்ரெய்ட் என்றது.

அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது, இல்லாமல் இல்லை. வயசானவர்கள் இருந்தால் சரியான வழியே சொல்வாள். மழை இருட்டினால் வழி மாற்றிச் சொல்ல மாட்டாள். ஞாயிறு மட்டும்தான், பகலில் மட்டும்தான். திரும்பி வருகிறவர்களில் பாதிப்பேர் முறைத்துக்கொண்டே போய்விடுவார்கள். ஒருத்தன் வண்டியை நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டினான். அதைக்கூட அவள் அன்றைக்கு முழுவதும் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து ஒரு மனுசன் அவ்வளவு நேரம் பேசியதே பெரிசு. அம்புக்குறி போட்ட தகரப் பலகை ஒன்று முன்பு முக்கில் நின்றது. காற்றில் சாய்ந்ததை எடுத்துவந்து கோழிக்கூட்டுக்கு மூடியாகப் போட்டிருந்தாள். செல்போனைப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த முக்கில் சிக்னல் கிடைக்காது. அதற்கு அவள் பொறுப்பில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அருவி ரோட்டுப் பக்கம் சாவு மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. நாவல்பட்டி ராசப்பன் இறந்துபோயிருந்தார். பொன்னாயி விடிந்ததும் போய் முகம் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அவருடைய சம்சாரம் கீழ்நாட்டுக்காரி. மலை ஒத்துக்கொள்ளாமல், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனவள் பிறகு ஏறி வரவேயில்லை. அந்தக் குழந்தை இப்போது கல்யாணமாகி எங்கேயோ இருக்கிறாளாம். அவளுக்கும் சொல்லிவிட்டிருக்கிறார்கள், வந்தால் வரட்டும், மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பொன்னாயி முழுக்க இருந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை. கிழங்கு வேகவைக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஸ்ட்ரெய்ட்டாகப் போகச் சொன்ன கார் முக்கைத் தாண்டியபோதுதான் அதன் பின்கண்ணாடியைப் பார்த்தாள். பாலிதீன் பையில் ஒரு ரோசாப்பூ மாலை. பக்கத்தில் ஒரு பெண்ணின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

சாவுக்குப் போகிற வண்டி என்று பொன்னாயிக்குப் புரிந்துவிட்டது. "ஏனுங்க, நில்லுங்க" என்று கத்தினாள். வண்டி வளைவில் மறைந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ரோட்டிலேயே ஓடினாள். ஓடி எத்தனை காலம் ஆயிற்றோ, மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. தெரிந்தே பண்ணினாயே பாவி, தெரிந்தே பண்ணினாயே என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள். பாதி தூரத்தில் கார் திரும்பி எதிரே வந்தது. டிரைவர் முகத்தைப் பார்த்தால் நிறுத்துகிறவராகத் தெரியவில்லை. நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றாள்.

"நாவல்பட்டிக்குங்களா?" என்றாள். "நானும் வாரேன். வழி காட்டுறேன்."

டிரைவர், "நேராப் போகச் சொன்னது நீங்கதானுங்களே?" என்றார்.

"ஆமாங்க. நாந்தானுங்க."

பின்கதவு திறந்தது. பொன்னாயி ஏறி, மாலை நசுங்காமல் ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். மூக்கு அப்படியே ராசப்பன் மூக்கு.

"எங்கப்பாவ எடுத்திருப்பாங்களா?" என்றாள் அவள்.

"மேளம் கேக்குதே கண்ணு. எடுத்திருக்க மாட்டாங்க." மேளச் சத்தம் இருந்த இடத்தைவிட்டு நகர்வது பொன்னாயியின் காதுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை.

"என் பேரு அருள்மொழி. அப்பா வெச்ச பேராம். போட்டோவுலதான் பாத்திருக்கேன்." மாலைப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "தெரியாமச் சொல்லீட்டீங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல அது நல்ல நேரம். பொன்னாயிக்கு வாய் வரவில்லை. "இல்ல சாமி. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன்?"

அதற்கு ஒரு பதில் இருக்கத்தான் செய்தது. மகளாக நினைக்கத் தோன்றும் ஒருத்தியிடம், அப்பன் முகத்தைப் பார்க்கப் போகிறவளிடம், எனக்குப் பேச ஆளில்லை என்று எப்படிச் சொல்வது? பொன்னாயி மாலைப் பையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருவி ரோட்டில் ஒரு வளைவு திரும்பியதும் மேளம் நின்றது. ரோட்டோரம் இருந்த பட்டைக்கல் பக்கத்தில் கூட்டம் நின்றது. பாடையைத் தூக்கி வந்துவிட்டார்கள். அந்தக் கல்லடியில் இறக்கிவைத்து, தலைமாட்டையும் கால்மாட்டையும் திசை மாற்றித் தூக்குவது அங்கே வழக்கம். போகிறவருக்கு வீட்டுக்குத் திரும்பி வருகிற வழி தெரியக்கூடாது என்பதற்காகச் செய்வது. பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. சின்னுசாமியையும் அதே கல்லடியில்தான் திருப்பினார்கள். அன்றிலிருந்து அவன் கனவில்கூட வந்ததில்லை. எல்லாரும் திரும்பி வர வேண்டும் என்று வழி மாற்றிச் சொன்னவள், இந்தக் கல்லைப் பார்த்ததும் காருக்குள்ளேயே குன்றிப்போனாள்.

அருள்மொழி மாலையோடு இறங்கி ஓடினாள். கூட்டம் விலகியது. ராசப்பனின் தம்பி அவளை அடையாளம் கண்டுகொண்டார், மூக்குதான் சொல்லியிருக்க வேண்டும். "ஏஞ்சாமி இத்தன நேரம்? எவ்வளவு நேரம் பாத்தோம் தெரியுமா?"

பொன்னாயி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருள்மொழி திரும்பி அவளை ஒரு தரம் பார்த்தாள்.

"வழி தப்பிருச்சுங்க சித்தப்பா" என்றாள்.

முகத்துத் துணியை விலக்கினார்கள். "சட்டுனு பாத்துக்க கண்ணு, மழ வந்துருச்சு" என்றார் சித்தப்பா. அவள் அழவில்லை. குனிந்து நெற்றியைத் தொட்டாள், காதைத் தொட்டாள், ஒரு புது ஆளைத் தெரிந்துகொள்கிற மாதிரி தாடையைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இருக்காது. வீட்டில் வைத்திருக்கும்போதே வந்திருந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து அப்பா என்று நாலு தரம் கூப்பிட்டிருப்பாள். அந்த நேரத்தைத் தான்தான் தின்றுவிட்டோம் என்று பொன்னாயிக்குப் பட்டது. துணியை மூடினார்கள். பாடையைச் சுற்றித் திருப்பித் தூக்கினார்கள். தூறலில் மேளம் மறுபடி கிளம்பிப் போயிற்று.

பொன்னாயி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தே வீடு வந்தாள். குளித்தாள். ஈரத்தலையோடு போய்க் கோழிக்கூட்டின் மேலிருந்த தகரப் பலகையை எடுத்தாள். எச்சத்தைக் கழுவி, முக்குக்குக் கொண்டுபோய், பலாமரத்தோடு சேர்த்து இரண்டு கட்டு கட்டினாள். அம்புக்குறி இடப்பக்கம் பார்த்தது. சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்தது. பலகையைப் பார்த்து வேகத்தைக்கூடக் குறைக்காமல் இடது பக்கம் திரும்பிப் போயிற்று. இனி இப்படித்தான். இதுதான் சரி. ஆனாலும் அழுகை வந்தது, அழுதாள்.

பிறகு மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன கிழங்கை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். கீழே இறங்குகிறவர்கள் இந்த முக்கு வழியாகத்தான் போக வேண்டும். காலையிலிருந்து அந்தப் பெண் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டாள். அவளை நிறுத்தச் சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நிறுத்தச் சொல்லப் போவதில்லை. ரோட்டோரம் சும்மா நிற்கலாம், அதற்கு யார் கேட்கப் போகிறார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் பனி இறங்கிவிட்டது. பலாமரமே அரைகுறையாகத்தான் தெரிந்தது. கிழங்குத் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பொன்னாயி வீட்டு முன்னால் நின்றாள். அருவி ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. வண்டி முக்குக்கு வந்து மெதுவானது. சோளக்காட்டுக்குப் போக வலது கையில் திரும்ப வேண்டும், அவள் வீடு இடது கையில். வெள்ளைப் பனிக்குள், திரும்புகிற பக்கத்தைக் காட்டும் மஞ்சள் விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. அது எந்தப் பக்கத்து விளக்கு என்று அங்கிருந்து தெரியவில்லை.