எழுந்திருக்க ஒரு சுவர்

முதுகு பின்சுவரில் முட்டியதும் டைல்ஸ் மேஸ்திரிக்கு அப்பாடா என்றிருந்தது. கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும்தான் பாக்கி. இந்தச் சின்ன அறையை ஒழுங்காக ஒட்டி முடித்தால் மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாக மச்சினன் சொல்லியிருந்தான். இப்போது கான்ட்ராக்ட் எடுப்பவன் அவன்தான். "பாக்கலாம் மாமா" என்று அவன் இழுத்த இழுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

முன்பொரு நாள் டைல்ஸ் பெட்டியோடு படியில் சறுக்கியதில் இடது முட்டியின் ஜவ்வுகள் அறுந்துபோயின. தொடையிலிருந்து தசைநாரை எடுத்து உள்ளே வைத்துக் கட்டினார்கள். முட்டி இறுகிப்போய் மடங்க மறுத்ததால் இன்னொரு தடவையும் கிழித்தார்கள். பிசியோதெரபி அறையில் இவர் போட்ட கூச்சலைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரர் தன் முறையே வேண்டாமென்று செருப்பைத் தேடினார். கடைசியில் டாக்டருக்குப் பரம திருப்தி.

"நடக்குறீங்க, மாடி ஏறுறீங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"குந்தணும் சார்."

"அதை மட்டும் மறந்துடுங்க."

தரையில் பிழைப்பு நடத்துகிறவன் குந்துவதை மறந்துவிட்டு எங்கே போவான்? மனைவியிடம், எல்லாம் சரியாகிவிட்டதாம் என்று மட்டும் சொன்னார். இன்று காலை அவள் வாசல்வரை வந்து சிரித்த முகமாக அனுப்பிவைத்தாள்.

கை எதையும் மறந்திருக்கவில்லை. கலவையைப் பரப்பி, டைலை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது. கால்தான் சண்டித்தனம் செய்தது. வெறுந்தரையில் உட்கார்ந்தால் அவரால் எழ முடியாது, முதுகு கொடுக்கச் சுவர் வேண்டும். அந்த ஒரே நினைப்பில், காலை நீட்டி உட்கார்ந்தபடியே, சட்டியையும் டைல்களையும் இழுத்துக்கொண்டு, கதவிலிருந்து பின்சுவரை நோக்கி நகர்ந்து நகர்ந்து ஒட்டியிருந்தார்.

நிமிர்ந்து கதவைப் பார்த்தபோதுதான் செய்த தப்பு தெரிந்தது. உள்சுவரில் தொடங்கிக் கதவு வழியாக வெளியே வருவதுதான் வேலை. நேற்றுச் சேர்ந்த சித்தாள்கூட இப்படிச் செய்யமாட்டான். அறை முழுக்க ஈரம் காயாத டைல்ஸ், மிதித்தால் மட்டம் போய்விடும், நடுவில் கால் வைக்க இடமில்லை.

மச்சினன் வந்து கதவருகே நின்றான். முதலில் சிரிப்பு வந்தது அவனுக்கு. அப்புறம் அடங்கிவிட்டது.

"என்ன மாமா இது?"

"கதவு வரைக்கும் ஒரு வரிசையைப் பேத்து வழி பண்ணிக்கிறேன் மாப்ள. திரும்ப ஒட்டிரலாம்."

"ஒட்டுறத பசங்க பாத்துக்குவாங்க." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அக்காகிட்ட நானே சொல்லிடுறேன்."

இல்லை, நீ சொல்லாதே என்று கெஞ்ச வாயெடுத்தவர் கரண்டியை டைலுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். மட்டம் பிசகாத டைல் மனசில்லாமல் பெயர்ந்து வந்தது. அதைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தச் சேற்றில் ஒரு தள்ளு நகர்ந்து, அடுத்ததை நெம்பினார். கதவருகே மச்சினன் குந்தி உட்கார்ந்து, அவரைத் தூக்கிவிட இப்போதே கையை நீட்டிக்கொண்டிருந்தான்.