உண்ணி இல்லாத வீடு

நாயின் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, அதன் நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோல் தெரிந்த பிறகுதான் உண்ணி மருந்தை விட வேண்டும். முடி மேல் விட்டால் பாதி வீண். அம்மாவுக்கு இதை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் மாதாமாதம் நான் நகரத்திலிருந்து வந்துதான் போட வேண்டும் என்று வைத்திருந்தாள். ஏப்ரல் கடைசி ஞாயிறன்றும் முற்றத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, எங்கள் நாய் போரியின் தலையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முட்டி வலிக்குதுன்ன, இப்ப எப்படி உக்காந்திருக்க?"

"வலிக்குதுடி. வலிக்குதுன்னா நாயப் பிடிக்கக் கூடாதா?" என்றாள். பிறகு, "மாசம் பொறந்தா நாய்க்கு மருந்து. எனக்கு என்னைக்காவது ஒரு தைலமாச்சும் வாங்கிட்டு வந்திருக்கியா?"

"உன்னை என்ன உண்ணியா கடிக்குது?"

"கடிச்சா மட்டும் என் கழுத்துல ரெண்டு சொட்டு விட்ருவியாக்கும்."

போரி உடம்பைச் சிலுப்பியது. மருந்து என் கையில் தெறித்தது. இருவரும் சிரித்தோம்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஜேஜு தீவின் நகரத்தில் ஒரு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பணக்கார வீட்டு நாய்களின் காதைத் துடைப்பது, தெள்ளுப்பூச்சி அப்பிய பூனைகளைக் குளிப்பாட்டுவது, முன்மேசையில் நின்று மருந்து கொடுப்பது. பெரிய நாயின் மருந்தை வாங்கி நான்கு பூனைக்குப் பிரித்துப் போடலாமா என்று கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். "போடுங்க, சாயங்காலம் நாலும் வலிப்பு வந்து செத்துரும்" என்பேன். முதலாளி என் வாயைப் பற்றிப் பல தடவை எச்சரித்துவிட்டார். எனக்குக் கவலையில்லை. தெரியாததைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு உயிரோடு விளையாடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி காட்டுப் பெரணித் தளிரைப் பறித்து, வேகவைத்துக் காயவைத்துச் சமையலுக்கு விற்றதில் வந்தது. ஏப்ரல் மழை பெய்ததும் மலையடிவாரப் புல்வெளிகளில் பெரணி தலை நீட்டும். விடிவதற்கு முன்பே ஊர்ப் பெண்கள் தொப்பி போட்டு, பை வைத்துத் தைத்த துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு திசையாகப் போய்விடுவார்கள். யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பொய்தான் பதிலாக வரும். நல்ல பெரணிக்காடு எங்கே இருக்கிறது என்பதைப் பெற்ற மகளுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். போன வருடம் பக்கத்து வீட்டு மால்சுன் அத்தை அம்மாவுக்குப் பின்னாலேயே பதுங்கிப் போய், அம்மாவின் இடத்தை வழித்து எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் இருவரும் சிரித்துப் பேசினார்கள், கிம்ச்சி ஊறுகாய் கொடுத்து வாங்கினார்கள். ஆனால் இந்த வருடம் அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், முட்டி போய்விட்டது, இனிமேல் காட்டுக்குப் போவதாக இல்லை என்று. அப்பாவிடமும் அதையேதான் சொன்னாள். அவர் விடிவதற்குள் ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போய்விடுகிற ஆள். என்னிடமும் அதே கதைதான்.

மே இரண்டாவது வாரம் அப்பா போனில் கூப்பிட்டார். இரண்டு நாளாக அம்மாவுக்குக் காய்ச்சல், சோறு இறங்கவில்லை என்றார். மறுநாள் காலை நான் போய் அவளை ஊர் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அறை ஒன்றுதான். நடுவில் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் பெஞ்சு. பெஞ்சில் மால்சுன் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஹேரிம் அம்மா, காய்ச்சலா? காட்டுக்குப் போன நாங்கள்லாம் கல்லு மாதிரி இருக்கோம், வீட்டுல உக்காந்திருந்த உனக்கு எப்படி வந்துச்சு?" என்றாள். என் பெயரைச் சேர்த்துத்தான் அம்மாவை அழைப்பாள்.

"வீட்டுல உக்காந்தாலும் வரும்க்கா. வர்றதுக்கு வழியா இல்ல" என்றாள் அம்மா. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. ஆனாலும் குரலில் தடுமாற்றம் இல்லை.

மருத்துவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "பெரணி பறிக்கப் போனீங்களாம்மா? புல்லுல எங்கயாச்சும் உக்காந்தீங்களா?"

அம்மா திரையைப் பார்த்தாள். திரைக்குக் கீழே மால்சுன் அத்தையின் ரப்பர் செருப்பு இரண்டும் அசையாமல் இருந்தன.

"இல்ல டாக்டர். இந்த வருஷம் வாசலத் தாண்டல."

"வீட்டுல நாய், பூனை இருக்கா?"

இதற்குப் பதில் சொன்னது நான். "நாய் இருக்கு. ஆனா நான் கால்நடை மருத்துவமனைல வேலை பாக்குறேன். மாசாமாசம் மருந்து போடுறேன். எங்க வீட்டுல உண்ணி கிடையாது."

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்திருந்த மருத்துவர் அதைத் திரும்பவும் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். சளிக் காய்ச்சல் என்று மாத்திரை எழுதினார். வெளியே வரும்போது மால்சுன் அத்தை அம்மாவின் கையைத் தொட்டு, "கஞ்சி போட்டுக் கொடுத்து விடுறேன்" என்றாள். கொடுத்தும் விட்டாள்.

நான் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். மாத்திரைக்குக் காய்ச்சல் அசையவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மா கஞ்சியை வாந்தியெடுத்தாள். துணியை அலசிவிட்டு, கை சும்மா இருக்க முடியாமல் போரியின் கூண்டைச் சுத்தம் செய்யப் போனேன். பாயை எடுத்து உதறினேன். வாற்கோதுமை உமி உதிர்வதுபோல் ஏதோ உதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். உண்ணி. பத்து, இருபது, அதற்கும் மேல். எல்லாம் காய்ந்து, கால் மடங்கிச் செத்துக் கிடந்தன. மருந்து வேலை செய்திருக்கிறது. நாய் மேல் ஏறியதெல்லாம் செத்து விழுந்திருக்கிறது. ஆனால் சிமென்ட் போட்ட எங்கள் முற்றத்தில் இத்தனை உண்ணிக்கு வழியே இல்லை. நாய் புல்லுக்குள் போயிருக்கிறது. ஒரு நாள் இல்லை, பல நாள். நாய் தனியாகப் போகாது.

பின்கட்டுச் சாமான் அறைக் கதவைத் திறந்தேன். பழப் பெட்டிகளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் விரிப்பில் வேகவைத்த பெரணி கறுத்துச் சுருண்டு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய காட்டுப் பூட்சு. தினசரிச் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, வீட்டில்தான் இருக்கிறாள் என்று ஊர் நினைக்கும்படி, பின்வழியாகப் போயிருக்கிறாள்.

உள்ளே ஓடி அவள் சட்டையை விலக்கினேன். அக்குளுக்குக் கீழே, அவளே பார்க்க முடியாத இடத்தில், அம்மைத் தழும்பு அளவுக்கு ஒரு கறுத்த புண்.

"நீ காட்டுக்குப் போயிருக்க!" என்று கத்தினேன். "அந்த டாக்டர் வாயால கேட்டாரே! அப்படியே வாய் கூசாம இல்லைன்ன!"

"மெதுவாப் பேசு" என்றாள் அம்மா. கண்ணைத் திறக்கவில்லை. "பக்கத்து வீட்டு ஜன்னல் தொறந்திருக்கு."

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் அவளைத் தனி அறையில் போட்டார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் குறைந்துகொண்டே போயின. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகமிருக்கும், ஒரு பெண் மருத்துவர் வந்து சொன்னாள். "உண்ணிக் காய்ச்சல்தான். இதுக்குன்னு உறுதியான மருந்து இல்ல. ரத்தம் ஏத்துறோம். மத்தபடி உடம்பு தானா எந்திரிச்சு வரணும். முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு அலமாரி முழுக்க உண்ணி மருந்துதான். சொட்டு மருந்து, மென்று தின்கிற மாத்திரை, கழுத்துப் பட்டை. மூன்று கிலோ நாய்க்கு ஒன்று, பத்து கிலோவுக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று. அம்மா நாற்பத்தாறு கிலோ.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது அப்பா போரியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மால்சுன் அத்தையும் இன்னும் இரண்டு பேரும் வேலியோரம் நின்றிருந்தார்கள்.

"இந்தச் சனியன்தான் கொண்டாந்திருக்கு" என்றார் அப்பா. "அவ வாசலத் தாண்டாதவ."

"ஆமா பாவம், காட்டுக்கே போகாதவளுக்கு நாயால எமன்" என்றாள் மால்சுன் அத்தை.

"நாய் கொண்டு வரல!" என்றேன். "இந்த வீட்டுலயே மருந்து போட்டிருந்தது அதுக்கு மட்டும்தான். அம்மா போனாங்க. தினமும் போனாங்க. நாய் துணைக்குப் போச்சு. உங்க கண்ணுல படாமப் போகணும்னு பொய் சொல்லி, இப்பச் செத்துக்கிட்டிருக்காங்க, போதுமா?"

மால்சுன் அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது நடிப்பில்லை, அவள் தோள் குலுங்கியது. அழுகைக்கு நடுவிலேயே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "எந்தப் பக்கம் போனா?"

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் லாரியைக் கிளப்பினார். தீவின் தெற்குக் கோடியில் யாரோ நண்பன் தோட்டத்தில் நாயைக் கட்டிவிட்டு வந்தார். யார் தோட்டம் என்று கேட்டேன். சொல்லவில்லை.

மருத்துவமனையில் சேர்த்த ஆறாம் நாள் முகக்கவசம், கையுறை, நீண்ட அங்கி எல்லாம் மாட்டிவிட்டு என்னை உள்ளே விட்டார்கள். அம்மாவின் பல் ஈறில் ரத்தம் கசிந்து உதட்டோரம் காய்ந்திருந்தது. கை முழுக்க நீலத் திட்டு. சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து எந்தக் காட்டில் உண்ணி கடித்தது என்று கேட்டதாகவும், அவள் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டதாகவும் நர்ஸ் சொன்னாள்.

"சொல்லிட்டாத்தான் என்ன?" என்றேன். "எச்சரிக்கைப் பலகை வைப்பாங்க. நாலு பேர் பொழைப்பாங்க."

"பலகை வச்சா அடையாளம் வச்ச மாதிரி. ஊரே வந்துரும்." மூச்சு வாங்கியது. விரலால் அருகே வரச் சொன்னாள். "குதிரைப் பண்ணை வேலி இருக்குல்ல. அது முடியுற இடத்துல ஒத்தச் சமாதி. சுத்திக் கல்லுச்சுவர். அதுக்கு இடது கைப் பக்கம் எறங்கு. முள்ளுச்செடி மறைக்கும், பயப்படாதே, குனிஞ்சு போ. அந்தப் பக்கம் பூரா நமக்குத்தான்."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? அடுத்த வருஷம் நீயே போய்ப் பறி."

"மழை பெஞ்ச மறுநாள் போ. யாரையும் கூட்டிட்டுப் போகாத."

எங்கள் ஊரில் கால் நடக்கிற வரைக்கும் யாரும் இடத்தைச் சொல்வதில்லை. அவள் சொல்லச் சொல்ல, கேட்கக் கூடாது என்று காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. கையுறை மாட்டிய கையால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அவளுக்குச் செயற்கை மூச்சுக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அதற்கடுத்த நாள் சுகாதாரத் துறை ஆளை நான் கூட்டிக்கொண்டு போனேன். கோபத்தில்தான் போனேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேலி முடிந்தது. சமாதி இருந்தது. முட்செடிக்கு அடியில் குனிந்து போனோம், அந்தப் பக்கம் சரிவு முழுக்கப் பெரணி. அவர் உடம்பு முழுக்க மூடிய வெள்ளை உடை போட்டிருந்தார். கோலில் கட்டிய வெள்ளைத் துணி ஒன்றைப் புல் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே நடந்தார். பத்தடிக்கு ஒரு முறை நின்று துணியைத் திருப்பிப் பார்த்தார். திருப்பும்போதெல்லாம் அதில் மிளகை உடைத்துத் தூவியதுபோல் புள்ளிகள். அவை நகர்ந்தன.

"நெறைய இருக்கு" என்றார். "பலகைல இந்த எடத்துக்கு என்னன்னு பேர் போடட்டும்?"

என் காலடியில் பெரணிக் கட்டைகள். நூறா, ஆயிரமா, எல்லாம் ஒரே உயரத்தில், அம்மாவின் மணிக்கட்டு குனிகிற உயரத்தில், ஒடிக்கப்பட்டிருந்தன. ஒடித்த வாய் காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் பக்கத்தில் முந்தாநாள் மழைக்குப் புதிதாக ஒன்று எழுந்து நின்றது, தலையை உள்ளே சுருட்டிக்கொண்டு, சாம்பல் நிறப் பூனைமயிர் போர்த்துக்கொண்டு, ஒடிக்க ஆளில்லாமல். சரிவின் கீழ்வரைக்கும் அப்படித்தான் இருந்தது. வெள்ளைத் துணி அவற்றின் தலைகளைத் தடவிக்கொண்டே கீழே போனது.