ஆணியில் தொங்கிய ரொட்டி

மாலையானதும் மாமியாரின் அறை வாசலில் போய் நின்று, ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்பது நஸீபாவின் வேலை. அந்தத் தெருவில் எல்லா வீட்டு மருமகள்களுக்கும் அதுதான் வழக்கம். பதில் தெரிந்திருந்தாலும் கேட்க வேண்டும். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தாலும், ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும்.

மாமியார் ஸரிஃபா அம்மாளும் பதிலுக்குச் சளைத்தவள் இல்லை. மழை பெய்தால் மாவு இழுத்துச் செய்கிற நூடுல்ஸ், வியாழக்கிழமை என்றால் புலாவ், பல் வலித்தால் பாலில் வெந்த அரிசிக் கஞ்சி. அதோடு விடவும் மாட்டாள். கேரட்டைத் தீக்குச்சி போல நறுக்கு, விறகு போல நறுக்காதே என்பாள். வெங்காயம் கருகினால் வாசனையை வைத்தே அறையிலிருந்து குரல் கொடுப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் நஸீபா இதையெல்லாம் நினைத்து ராத்திரி தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுததுண்டு. பிறகு பழகிப்போயிற்று. அந்தப் பெரிய வீட்டில் அவளோடு பேசுகிற குரல் அது ஒன்றுதான்.

ஒரு வாரமாக அந்தக் குரலும் நின்றுபோயிருந்தது.

நாத்தனார் சலோமத் வந்துபோன நாளிலிருந்துதான் இப்படி. சலோமத்தின் புருஷனுக்கும் ரஷ்யாவில்தான் வேலை, நஸீபாவின் புருஷன் தில்முரோத் இருக்கிற அதே ஊரில். அங்கே போய் இருந்துவிட்டுத் திரும்பியவள், பெட்டி நிறைய மிட்டாயோடு அம்மாவைப் பார்க்க வந்தாள். தாயும் மகளும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். நஸீபா தேநீர் கொண்டுபோனபோது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தால் இரண்டு வேளை சாப்பிட்டு, மூன்றாவது வேளைக்குக் கட்டிக்கொண்டும் போகிறவள் சலோமத். அன்றைக்கு வாய்கூட நனைக்காமல் கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை நஸீபா வழக்கம்போலப் போய்க் கேட்டாள். ஸரிஃபா அம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே, "உன் இஷ்டம்" என்றாள். மறுநாளும் உன் இஷ்டம். அதற்கு அடுத்த நாளும் அதே பதில்.

வேறொரு பெண் என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். நஸீபாவுக்குப் பயமாக இருந்தது. வாதுமை பூத்த காலத்திலிருந்து தில்முரோத்திடமிருந்து போன் இல்லை. அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். அம்மாவோடு வெகுநேரம் பேசுவான். கடைசியில் போன் நஸீபாவின் கைக்கு வரும். நல்லா இருக்கியா என்பான். நல்லா இருக்கேன் என்பாள். அம்மாவைப் பார்த்துக்கோ என்பான். அவ்வளவுதான். இப்போது அதுவும் போய், வாதுமை காய்த்து, காய்ந்து, மூட்டையிலும் கட்டியாகிவிட்டது.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அவன் வருவானா, மாட்டானா? அதை நேராகக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. அந்த வாசலில் நின்று இந்த மூன்று வருஷமாக அவள் கேட்டுப் பழகியது ஒரு கேள்விதான். ஆகவே அதையே கேட்டாள். பதிலில் மற்றதும் ஒளிந்திருக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மகனுக்குப் பிடித்த சாப்பாடு எதையாவது கிழவி வாய்விட்டுச் சொன்னால், சேதி நல்ல சேதி என்று மனசுக்குள் ஒரு கணக்கு. கிழவியோ உன் இஷ்டம் என்பதைத் தாண்டவில்லை.

அந்த வாரம் முழுக்க நஸீபா தானாகவே யோசித்துச் சமைத்தாள். ஒருநாள் பூசணி வைத்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை. ஒருநாள் அரிசி சூப். ஒருநாள் எதுவும் தோன்றாமல், பையிலிருந்த பழைய ரொட்டியைப் போட்டு சூப் வைத்தாள். கிழவி இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். மீந்ததையெல்லாம் நஸீபா பக்கத்து வீட்டுக் கும்ரியின் கோழிகளுக்குச் சுவருக்கு மேலாகக் கொடுத்தாள்.

கும்ரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா? "என்னடி, எங்க கோழியெல்லாம் உன் சமையல் சாப்பிட்டுக் கொழுத்துப் போச்சு. நான் போடற தவிட்டை ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குது. உங்க மாமியா என்ன, நோன்பா?" என்றாள்.

நஸீபா சிரித்து வைத்தாள். உள்ளே வந்த பிறகும் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க மறந்து, வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வாரத்தின் கடைசி நாள் அந்த வருஷத்து முதல் பனி விழுந்தது. நஸீபா வாசலில் நின்று கேட்டாள்.  வழக்கமான அந்த இரண்டு வார்த்தைகளாவது வரட்டும் என்று காத்து நின்றாள்.

"ரொட்டிப் புலாவ் பண்ணு" என்றாள் ஸரிஃபா அம்மாள்.

நஸீபாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ரொட்டிப் புலாவ் ஏழை வீட்டுச் சாப்பாடுதான். வெங்காயத்தைக் கொழுப்பில் வதக்கி, தக்காளி போட்டு, பழைய ரொட்டித் துண்டுகளை அதில் புரட்டி எடுத்தால் முடிந்தது. ஆனாலும் கிழவி வாயைத் திறந்து ஓர் உணவின் பெயரைச் சொல்லிவிட்டாள். அதுவே போதும் போலிருந்தது. ஓட்டமாகச் சமையலறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் தொங்கிய ரொட்டிப் பையைக் கவிழ்த்தாள். நாலைந்து ஓரத்துண்டுகள் விழுந்தன. பாக்கியைத்தான் சூப்பில் போட்டாயிற்றே.

மறுபடி வாசலுக்கு வந்து, பழைய ரொட்டி போதாது, கும்ரி அக்காவிடம் கேட்டு வாங்கி வரட்டுமா என்றாள்.

கிழவி எதிர்ச் சுவரைக் காட்டினாள். சுவரில் பின்னல் போட்ட வெங்காயச் சரம் தொங்கியது. வெங்காயத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நஸீபா சரத்தைக் கழற்றினாள்.

"வெங்காயம் இல்ல. பக்கத்துல இருக்கறது."

பக்கத்து ஆணியில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. உள்ளே முழு வட்ட ரொட்டி, ஓரத்தில் ஒரே ஒரு கடி. ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று தில்முரோத் கடித்துவிட்டுப் போனது. வெளியூர் போகிறவன் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போவான். மிச்சம் அவனுக்காகக் காத்திருக்கும், அவனைத் திரும்ப இழுத்துக்கொண்டு வரும். வேறு யாரும் அதைத் தொட்டுத் தின்னக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் நஸீபாதான் அதை இறக்கி, தூசி தட்டி, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து மாட்டுவாள்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் வெங்காயச் சரம் தொங்கியது.

"அம்மா, அது அவரோடது."

"தெரியும்மா." ஸரிஃபா அம்மாள் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனுக்கு அங்க ஒரு வீடு ஆயிருச்சு. பொம்பளை இருக்கா. வசந்தத்துல ஒரு பையன் பொறந்திருக்கான். சலோமத் கண்ணால பாத்துட்டு வந்தா." பிறகு, "ரொட்டியத் தூக்கிப் போட முடியுமா? பூச்சி விழறதுக்குள்ள நாம தின்னுடுவோம்" என்றாள்.

ஒரு வாரமாக நஸீபா வந்து கேட்கும்போதெல்லாம் இது வாய்வரைக்கும் வந்ததாகவும், அங்கேயே நின்றுவிட்டதாகவும் கிழவி சொன்னாள். நஸீபாவின் காதில் பாதிதான் விழுந்தது. அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இருக்கிற அந்தப் பெண் யாரைக் கேட்டுச் சமைப்பாள்? அவனைத்தான் கேட்பாள், வேறு யார் இருக்கிறார்கள்? அவனும் எதையோ சொல்வான். கல்யாணமாகி அவனோடு இருந்த அந்தக் கொஞ்ச நாளில், என்ன சமைக்கட்டும் என்று நஸீபா அவனை ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குத்தான் மாமியார் இருந்தாளே. அவனுக்கு இது பிடிக்கும், அது பிடிக்கும் என்று நஸீபாவுக்குத் தெரிந்ததெல்லாம் கிழவி சொல்லித் தெரிந்ததுதான். நிஜமாகவே அவனுக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பொட்டலத்தை இறக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ரொட்டி மரக்கட்டையாய் இறுகியிருந்தது. கத்தி இறங்கவில்லை. ஈரத்துணியில் சுற்றி, கொதிக்கிற பாத்திரத்தின் மேல் வைத்து இளகவிட்டாள். துணியைப் பிரித்தபோது பல் பதிந்த இடம் ஆவியில் ஊதி, கடித்த அடையாளம் மங்கிப்போயிருந்தது. அதையே முதலில் நறுக்கினாள். கடைசியில் வைத்தால் கை வராது என்று தெரியும்.

வாசலில் நிழல் விழுந்தது. சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஸரிஃபா அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். நஸீபா துண்டுகளைக் கடாயில் கொட்டினாள்.

"தண்ணியக் கையால தெளி. ஊத்தினா களியாப் போயிரும்."

நஸீபா கையால் தெளித்தாள்.

தரையில் சாப்பாட்டு விரிப்பைப் போட்டு, ஒரே தட்டை நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்தத் துண்டு பையிலிருந்து வந்தது, எது அவனுடையது என்று தெரியவில்லை. எல்லாமே தக்காளிச் சிவப்பு ஏறி ஒன்றுபோல இருந்தன. ஒவ்வொரு துண்டையும் வாயில் போடும்போது இதுவா என்று நஸீபாவுக்குத் தோன்றியது. விழுங்கிய பிறகும் தெரியவில்லை. உப்புக்கு வீட்டில் என்ன பஞ்சமா என்று கிழவி ஒருதரம் முணுமுணுத்தாள். தட்டைத் தள்ளவில்லை.

பாதித் தட்டு காலியானபோது பேசினாள்.

"உங்கம்மா வீட்டுக்குப் போகணும்னா போம்மா. நானே கொண்டுவந்து விடறேன். இங்கயே இருக்கணும்னா இரு. இருன்னு சொல்ல எனக்கு வாயில்ல."

நஸீபா யோசித்துப் பார்த்தாள். அம்மா வீட்டில் இப்போது அண்ணன் மனைவி இருக்கிறாள். மாலையானால் அங்கே வாசலில் நிற்பவள் அவள். போனால் நஸீபா எந்தப் பக்கம் நிற்பது? கேட்கிற பக்கமும் இல்லை, சொல்கிற பக்கமும் இல்லை. இங்கே இருந்தால் யாருடைய மனைவியாக இருப்பது?

"இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியலம்மா" என்றாள். அது உண்மைதான். கிழவி தலையை ஆட்டினாள்.

தட்டு காலியாயிற்று. சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்குப் பெரியவர் கையேந்தி வேண்டுதல் சொல்ல வேண்டும். ஸரிஃபா அம்மாள் இரண்டு கைகளையும் விரித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கைகள் விரித்தபடியே இருந்தன. சொல்லாமல் அவற்றை மடக்கவும் முடியாது.

மருமகள்கள் வேண்டுதல் சொல்வதில்லை. நஸீபா தன் கைகளை விரித்தாள். எத்தனையோ ராத்திரி கேட்டுக் கேட்டு மனப்பாடமான வார்த்தைகள்.

"இந்த விரிப்பு நெறஞ்சே இருக்கட்டும். சமைச்ச கைக்கு நோவு வராம இருக்கட்டும். வழியில இருக்கறவங்க..."

வழியில் இருக்கிறவர்கள் பத்திரமாக வீடு வந்து சேரட்டும் என்பதுதான் அடுத்த வரி. கிழவி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"வழியில இருக்கறவங்க, எங்க இருக்காங்களோ அங்கயே நல்லா இருக்கட்டும்" என்றாள் நஸீபா.

ஆமீன் என்று சொல்லிக் கிழவி முகத்தைத் தடவிக்கொண்டாள். தடவிய கைகளை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

நஸீபா தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். குழாயில் தண்ணீர் இன்னும் உறையவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கழுவி முடித்த பிறகும் வெகுநேரம் குழாயை மூடாமல், தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள்.